பெயர் பொறித்தவரும் செய்தவரும்: இங்கிலாந்தின் பழைய பாக்கெட் கடிகாரங்களைத் தேடி

செவ்வாய், லண்டன்

சவுத் கென்சிங்டனில் இருக்கும் அறிவியல் அருங்காட்சியகத்தின் இரண்டாம் தளத்தில், லண்டன் கடிகாரக் கைவினைஞர் சங்கத்தின் சேகரிப்பு 2015 முதல் வைக்கப்பட்டிருக்கிறது. 1631-இல் அரச சாசனம் பெற்ற இந்தச் சங்கம், பல நூற்றாண்டுகளாகத் தன் உறுப்பினர்கள் செய்தவற்றைச் சேர்த்து வைத்திருப்பதால், இங்கிலாந்தின் பாக்கெட் கடிகாரத்தைப் புரிந்துகொள்ள விரும்பும் எவரும் தொடங்க வேண்டிய இடம் இதுதான். சாவி கொடுத்து ஓட வைக்கும் ஆங்கிலக் கடிகாரங்களை நான் சேகரித்து வருகிறேன். அவற்றின் உட்தகட்டில் பொறித்திருக்கும் பெயரை வைத்து மட்டுமே அவற்றை மதிப்பிடுவது போதாது என்பது எனக்கு நாளுக்கு நாள் உறுதிப்பட்டு வருகிறது. அந்தப் பெயர் பெரும்பாலும் விற்றவருடையது. செய்தவர்கள் வேறு ஊர்களில், வேறு தெருக்களில் இருந்தார்கள். அந்த ஊர்களை நேரில் பார்ப்பதற்கே இந்தப் பயணம்.

இங்கே ஜான் ஹாரிசனின் ஐந்தாவது கடற்காலமானி, அதாவது கப்பலில் நேரம் தவறாமல் காட்டும் கருவி, இருக்கிறது. 1772-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரே தம் சொந்த வானாய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்த கருவி அது. பார்வையாளர்கள் அதன் முன்னால்தான் கூடுகிறார்கள். எனக்கோ அதைவிட நெருக்கமானது ஜான் ஆர்னால்டின் 485-ஆம் எண் கடிகாரம். கிரீனிச் வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜான் ஹென்றி பெல்வில், 1836-இல், ஒவ்வொரு வாரமும் இந்தக் கடிகாரத்தைக் கிரீனிச் நேரத்துக்குச் சரியாக வைத்து, லண்டனில் இருந்த கடிகாரக் கடைகளுக்கு எடுத்துச் சென்று, கட்டணம் வாங்கிக்கொண்டு சரியான நேரத்தைக் காட்டிவரும் தொழிலைத் தொடங்கினார். அவருக்குப் பின் மனைவி மரியாவும், 1892 முதல் மகள் ரூத்தும் அதைத் தொடர்ந்தார்கள். தந்தி வந்தது, வானொலி வந்தது, தொலைபேசியில் நேரம் சொல்லும் சேவையும் வந்தது. ஆனாலும் ரூத் பெல்வில் 1940 வரை இதே கடிகாரத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தார். முதலில் தங்க உறை இருந்ததாம். திருடர் கண்ணில் படக்கூடாது என்று அதை எடுத்துவிட்டு வெள்ளி உறை போட்டுவிட்டார்கள். உறை மாறினால் விலை குறையும் என்று கணக்குப் பார்க்கும் நம் சேகரிப்பாளர்கள் இந்தக் கடிகாரத்தின் முன்னால் சற்று நேரம் நிற்க வேண்டும். நூறாண்டுக்கு மேல் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டது அதன் இயந்திரம்தான்.

மாலையில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் 38, 39 எண் அறைகளுக்குப் போனேன். இல்பர்ட் என்ற சேகரிப்பாளரின் கடிகாரங்கள் 1958-இல் இங்கே வந்து சேர்ந்தன. அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே போனால் 1675-ஐ ஒட்டி ஒரு மாற்றம் கண்ணுக்கே தெரிகிறது. அதற்கு முன் முகப்புகளில் பெரும்பாலும் மணிமுள் ஒன்றே இருக்கிறது. கால்மணி நேரம் தவறும் கருவிக்கு நிமிடமுள் எதற்கு? அந்த ஆண்டில், முன்னும் பின்னும் அசைந்து கடிகாரத்தின் ஓட்டத்தை அளவிடும் பேலன்ஸ் சக்கரத்துக்குச் சுருள் கம்பி பொருத்தும் உத்தி நடைமுறைக்கு வந்த பிறகு, நிமிடமுள் வழக்கமாகிவிட்டது. அந்த உத்தியை முதலில் கண்டவர் நெதர்லாந்தின் அறிஞர் ஹைகன்ஸா, இங்கிலாந்தின் அறிஞர் ராபர்ட் ஹூக்கா என்ற வழக்கு அன்றே எழுந்தது. லண்டனில் அதைத் திறம்படச் செய்துகாட்டியவர் தாமஸ் டாம்பியன். அவரும் அவருடைய சீடர் ஜார்ஜ் கிரஹாமும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஒரே கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கைத்தொழில் செய்தவர்களுக்கு ஒரு நாடு அளித்த அந்த மரியாதை எனக்கு மிகவும் பெரிதாகத் தோன்றுகிறது.

புதன், கிளார்க்கன்வெல், இஸ்லிங்டன்

கிளார்க்கன்வெல்லில் இன்று பார்ப்பதற்குக் கடிகாரங்கள் அதிகம் இல்லை. பார்க்க வேண்டியவை கட்டடங்களின் மேல்தளச் சன்னல்கள். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இந்தச் சந்துகளில் ஒரு வீட்டில் முகப்புக்கு எனாமல் பூசினார்கள், அடுத்த வீட்டில் முள் செய்தார்கள், எதிர்வீட்டில் மாணிக்கக் கல்லில் துளையிட்டார்கள், மாடியில் ஒருவர், சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக நகரவிடும் எஸ்கேப்மென்ட்டை மட்டும் வாழ்நாள் முழுதும் செய்தார். பித்தளைத் தகடுகளுக்குப் பாதரசத்தோடு தங்கம் கலந்து பூசி நெருப்பில் காட்டியவர்களும் இங்கேதான் இருந்தார்கள். அந்த ஆவி அவர்களுடைய நரம்புகளைத் தின்றது. பழைய ஆங்கிலக் கடிகாரத்தைத் திறந்ததும் நம்மை மயக்குகிற அந்த மங்கிய பொன்னிறத்துக்கு அவர்கள் கொடுத்த விலையை நான் மறக்க விரும்பவில்லை. 1858-இல் தொடங்கிய பிரிட்டிஷ் கடிகாரவியல் கழகம் இங்கே நார்தாம்ப்டன் சதுக்கத்தில்தான் நெடுங்காலம் இயங்கியது. பிறகு நாட்டிங்ஹம்ஷயரில் உள்ள அப்டன் ஹாலுக்குப் போய்விட்டது.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இஸ்லிங்டனின் கேம்டன் பாசேஜ் இருக்கிறது. புதன்கிழமைகளில் பழம்பொருள் கடைகள் பரப்பப்படும் குறுகிய சந்து அது. கடிகாரம் மட்டுமே விற்கும் ஒரு பெரியவரிடம் வெகுநேரம் நின்றேன். அவர் முதலில் காட்டியது விற்பதற்காக அன்று, கற்பிப்பதற்காக. 'லண்டன்' என்று பொறித்த ஒரு வெள்ளிக் கடிகாரம். முகப்பில் நிமிடக்கோடு மணிக்கு மணி வளைவு வளைவாகச் செல்கிறது. பின்புறம் திறந்ததும், பேலன்ஸ் சக்கரத்தை மூடியிருக்கும் செதுக்குத் தகடு இரண்டு பக்கமும் திருகாணி போட்டுப் பாலம் போல் நிற்கிறது. இங்கிலாந்தில் செய்திருந்தால் அந்தத் தகடு ஒரே பக்கம் காலூன்றி, ஒரே திருகாணியில் நிற்கும். இது ஐரோப்பாவில் செய்து, விலை போவதற்காக லண்டன் பெயரைப் போட்ட பண்டம். ஆங்கிலக் கடிகாரத்துக்கு அந்தக் காலத்தில் இருந்த மதிப்புக்கு இந்தப் போலிகளே நல்ல சாட்சி. கடிகாரத்தில் செய்தவர் பெயரும் ஊரும் இருக்க வேண்டும் என்று 1698-லேயே இங்கே சட்டம் வந்தது. ஆனால் சட்டம் கேட்டதோ ஒரு பெயர். கடிகாரம் செய்யத் தேவைப்பட்டதோ ஒரு தெரு முழுவதும் நிறைந்த கைகள்.

பிறகு அவர் எடுத்துக் கொடுத்ததைத்தான் வாங்கினேன். இரட்டை உறை கொண்ட, வெர்ஜ் என்னும் பழைய எஸ்கேப்மென்ட் வகைக் கடிகாரம். வெளியுறையைத் திறந்து உள்ளிருக்கும் கடிகாரத்தைத் தனியே எடுக்க வேண்டும். வெள்ளி உறைக்குள் நடக்கும் சிங்கம், முடிசூடிய சிறுத்தைத் தலை, 'எஃப்' என்ற பெரிய எழுத்து ஆகிய முத்திரைகள் வரிசையாக இருந்தன. சிங்கம் வெள்ளியின் தரத்துக்கு, சிறுத்தை லண்டன் சோதனைக்கூடத்துக்கு, எழுத்து ஆண்டுக்கு. இந்த வடிவ 'எஃப்' 1801-இல் தொடங்கிய ஆண்டுக்குரியது. அருகில் உறை செய்தவரின் முதலெழுத்துகள் தனியாகக் குத்தியிருந்தன. அவை உட்தகட்டில் பொறித்த பெயரோடு சற்றும் பொருந்தவில்லை. பொருந்தாததுதான் இயல்பு. பொருந்த வேண்டியது எண்தான். இயந்திரத்தில் இருக்கும் எண்ணே உள்ளுறையிலும் வெளியுறையிலும் இருந்ததால், பிறந்தது முதல் இவை மூன்றும் பிரியவில்லை என்று தெரிந்தது.

முகப்பின் ஆறாம் எண்ணுக்குக் கீழே உள்ள சிறு தாழை நகத்தால் அழுத்தினால், கீலில் இயந்திரம் முழுவதும் வெளியே திரும்பி வருகிறது. பேலன்ஸ் தகட்டில் கொடிகளும் இலைகளும் கம்பிச் சித்திரம்போல் துளைத்துச் செதுக்கப்பட்டிருந்தன. அது கழுத்தாகக் குறுகும் இடத்தில் ஒரு சிறு முகம் கண்ணை விழித்துப் பார்க்கிறது. அருகே, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் சாவியால் திருப்பும், எண்கள் பொறித்த வெள்ளி வில்லை. இரண்டு உறைகளுக்கும் இடையில், வட்டமாக வெட்டிய காகிதம் ஒன்று மஞ்சளித்துக் கிடந்தது. அந்தக் காலத்தில் கடிகாரம் பழுதுபார்த்தவர்கள் தங்கள் விளம்பரத்தை இப்படி அச்சிட்டு உள்ளே வைத்து அனுப்புவார்கள். உறைகள் உராயாமல் தடுக்கும் மெத்தையாகவும் அது ஆகும். இதன் பின்புறம் மையில் ஒரு தேதியும் ஒரு தொகையும் எழுதியிருக்கின்றன. அந்தக் காகிதத்தை வெளியே எடுத்துத் தனியாக விற்பவர்கள் இருக்கிறார்கள். அது கடிகாரத்தின் மருத்துவக் குறிப்பு. அதைப் பிரிப்பதை என்னால் ஏற்க முடியாது.

பக்கத்துக் கடையில் அந்தப் பேலன்ஸ் தகடுகளையே கோத்துச் செய்த கழுத்தணி ஒன்று தொங்கிற்று. விக்டோரியா காலத்தில் இது ஒரு நாகரிகம். வேலைப்பாடு அழகுதான். ஆனால் அந்தத் தகடு ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிகாரம் அழிந்திருக்கிறது.

வியாழன், கிறைஸ்ட்சர்ச்

வாட்டர்லூவிலிருந்து தென்கடற்கரை நோக்கி ரயிலில் வந்தேன். டார்செட்டில் உள்ள இந்தச் சிற்றூருக்குக் கடிகாரம் தேடி வருபவர் குறைவு. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கடிகாரத்தைத் திறந்தால், உள்ளே இருக்கும் சங்கிலி இங்கே செய்யப்பட்டதாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு.

அந்தச் சங்கிலி எதற்கு என்று சொல்லியாக வேண்டும். முழுதாகச் சாவி கொடுத்த சுருள்வில் முதலில் வலுவாக இழுக்கும். தளரத் தளர அதன் வலு குறையும். இழுப்பு மாறினால் கடிகாரத்தின் ஓட்டமும் மாறும். அதிலும் வெர்ஜ் வகை இந்த மாற்றத்தைச் சிறிதும் பொறுக்காது. அதனால் வில் இருக்கும் உருளையை நேரடியாகச் சக்கரங்களோடு இணைக்காமல், இடையில் ஃப்யூஸி என்னும் கூம்பை வைத்தார்கள். கூம்பின் மேல் சுற்றுச்சுற்றாகப் பள்ளம் இருக்கும். அதில் ஒரு மெல்லிய எஃகுச் சங்கிலி சுற்றியிருக்கும். வில் வலுவாக இருக்கும்போது சங்கிலி கூம்பின் குறுகிய முனையை இழுக்கும், வில் தளரும்போது அகன்ற அடியை இழுக்கும். நெம்புகோல் கணக்குப்படி, சக்கரங்களுக்குச் சென்று சேரும் விசை ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். சுவிட்சர்லாந்துக்காரர்களும் அமெரிக்கர்களும் இதைக் கைவிட்ட பின்னும் ஆங்கிலேயர்கள் விடவில்லை. அவர்களுடைய பிடிவாதம் என்று இதைச் சிலர் குறை சொல்வார்கள். எனக்கு இது நேர்மையான பொறியியலாகவே தெரிகிறது.

1790-இல் ராபர்ட் ஹார்வி காக்ஸ் என்பவர் இங்கே சங்கிலித் தொழிற்சாலை தொடங்கினார். பின்னர் பார்கேட்ஸ் தெருவில் இன்னொன்று வந்தது. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும். ஊரின் ஏழைகள் இல்லத்தில் இருந்தவர்களும் இந்த வேலையில் இறக்கப்பட்டார்கள். அந்த இல்லமாக 1764-இல் கட்டிய செங்கல் கட்டடம்தான் இன்று ரெட் ஹவுஸ் அருங்காட்சியகம். அதன் தோட்டத்தில் ஒரு பெஞ்சில் அமர்ந்து, நேற்று வாங்கிய கடிகாரத்தைத் திறந்து, லூப் என்னும் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து, சங்கிலியைப் பார்த்தேன். தகடுகளுக்கு இடையில் தெரிவது தடித்த முடி அளவுக்கு ஒரு கோடு. லூப்பில் அது சைக்கிள் சங்கிலியின் அதே அமைப்பாக விரிகிறது: எட்டு என்ற எண்ணைப் போன்ற தகடுகள், வெளியே இரண்டு, நடுவில் ஒன்று, ஒவ்வொரு துளையிலும் ஒரு ஆணி, ஆணியின் இரு முனையும் தட்டி மழுக்கியது. இந்தச் சிறு சங்கிலிக்குள் இப்படி நூற்றுக்கணக்கான துண்டுகள். ஒரு முனையில் உருளையில் மாட்டும் கொக்கி, மறுமுனையில் கூம்பில் மாட்டும் கொக்கி. இரண்டும் வெவ்வேறு வடிவம்.

இந்தத் துண்டுகளை எஃகுத் தகட்டிலிருந்து வெட்டி எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகக் கோத்து ஆணியடித்தவர்கள் இந்தப் பெண்களும் சிறுமிகளும்தான். கண்பார்வை கெட்டுப்போவது இந்த வேலையின் உடன்பிறப்பு. என் கடிகாரத்தின் சங்கிலி இவர்கள் கோத்ததா, லண்டனில் செய்ததா என்பதற்குச் சங்கிலியில் எந்த முத்திரையும் இல்லை. வெள்ளிக்குச் சிங்கம் குத்திய நாடு, உறை செய்தவனுக்கு எழுத்துக் கொடுத்த நாடு, கடைக்காரனுக்குச் செதுக்கெழுத்தில் பெயர் கொடுத்த நாடு, சங்கிலி கோத்த சிறுமிக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. இந்தத் தோட்டத்தில் இருந்தபோது எனக்கு வந்தது வருத்தம் மட்டும் அன்று, கோபமும்தான்.

சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு சொல்: நெடுநாள் ஓடாமல் கிடந்த ஃப்யூஸிக் கடிகாரத்துக்கு ஆர்வத்தில் சாவி கொடுத்துவிடாதீர்கள். உலர்ந்த எண்ணெயும் துருவும் சேர்ந்த நிலையில் சங்கிலி அறுந்தால், அதன் வீச்சு மற்றப் பாகங்களையும் கெடுக்கும். சாவியைத் திருப்பும் திசையையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆங்கில ஃப்யூஸிக் கடிகாரங்களில் பெரும்பாலும் அது இடப்பக்கமாகத் திருப்புவது. வலுக்கட்டாயமாக வலப்பக்கம் திருப்பி முறித்த கடிகாரங்கள் சந்தையில் ஏராளம்.

வெள்ளி, பிரெஸ்காட்

லிவர்பூல் வந்து, உள்ளூர் ரயிலில் பிரெஸ்காட் சேர்ந்தேன். மேட்டின் மேல் ஒரு தேவாலயம், அதைச் சுற்றிச் சிறு ஊர், மழை. லண்டன் கடிகாரங்களின் எலும்புக்கூடு இங்கேதான் உருவானது. தூண்கள், தகடுகள், உருளை, ஃப்யூஸி, சக்கரங்கள் எல்லாம் சேர்ந்த முடிக்கப்படாத இயந்திரங்களைப் பிரெஸ்காட் குடும்பங்கள் வீட்டுப் பின்கட்டுப் பட்டறைகளில் செய்து லண்டனுக்கும் லிவர்பூலுக்கும் காவென்ட்ரிக்கும் அனுப்பின. இந்த வட்டாரத்தின் அரங்களும் கருவிகளும் நாடெங்கும் பேர்பெற்றவை. இயந்திரத்தின் அளவைக் குறிக்க இவர்கள் வைத்த லங்காஷயர் அளவுமுறையில் ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் வேறுபாடு அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு. பின்னர் இவர்களைச் சந்தையிலிருந்து விரட்டிய அமெரிக்கத் தொழிற்சாலைகளே இந்த அளவைத்தான் எடுத்துக்கொண்டன.

உயர்ந்த ரக லண்டன் கடிகாரத்தின் முகப்பைக் கழற்றினால், அடித்தகட்டில் 'ஜே.பி.' என்ற எழுத்துகள் குத்தியிருப்பதைச் சில வேளைகளில் காணலாம். அது பிரெஸ்காட்டின் ஜோசப் பிரெஸ்டன் நிறுவனத்தின் குறி. பெரிய பெயர்கள் மேலே பொன்னெழுத்தில் மின்ன, இந்தக் குறி முகப்புக்கு அடியில் இருட்டில் இருக்கும். பழுதுபார்ப்பவர் ஒருவரைத் தவிர வேறு யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆல்பனி சாலையில் லங்காஷயர் வாட்ச் கம்பெனியின் கட்டடம் இன்னும் நிற்கிறது. சிதறிக் கிடந்த பட்டறைகளை ஒன்றுசேர்த்து, அமெரிக்க முறையில் இயந்திரங்கள் கொண்டு முழுக் கடிகாரத்தையும் ஒரே கூரையின் கீழ் செய்வதற்காக 1889-இல் தொடங்கிய நிறுவனம் அது. 1911-இல் மூடப்பட்டது. இவர்களுடைய கடிகாரங்கள் இன்று மலிவாகவே கிடைக்கின்றன. உறுதியானவை, எளிதாகப் பழுதுபார்க்கத் தக்கவை. தொடக்கச் சேகரிப்பாளருக்கு இவற்றை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

சனி, காவென்ட்ரி

ஸ்பான் தெருவில் கடிகார அருங்காட்சியகம் இருக்கிறது, தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். இந்தத் தெருவில்தான் கடிகாரம் செய்த ராதராம் நிறுவனம் இருந்தது. அங்கிருந்து சேப்பல்ஃபீல்ட்ஸ் பகுதிக்கு நடந்தேன். வீடுகள் சாதாரணமானவை, பின்புறம் பார்த்தால் பட்டறைகளின் நீண்ட சன்னல்கள் தெரிகின்றன. வெளிச்சமே இந்தத் தொழிலுக்கு முதல். 1940 நவம்பர் 14 இரவில் இந்த நகரத்தின் மீது விழுந்த குண்டுகளுக்குப் பிறகும் இத்தனை சன்னல்கள் மிஞ்சியிருப்பது நிறைவாக இருந்தது.

டென்மார்க்கிலிருந்து வந்து இங்கே குடியேறிய பானே பானிக்ஸன், 1892-இல் கரூசல் என்னும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். சட்டைப்பையில் செங்குத்தாக நிற்கும் கடிகாரத்தில் பேலன்ஸின் எடை எந்தப் பக்கம் சற்று மிகுந்தாலும் ஓட்டம் தவறும். பேலன்ஸையும் எஸ்கேப்மென்ட்டையும் ஒரு தட்டில் ஏற்றி மெல்லச் சுழலவிட்டால், அந்தத் தவறுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். அவருடைய தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 52½ நிமிடம் ஆகும். கியூ வானாய்வுக்கூடத்தின் சோதனைகளில் இந்தக் கடிகாரங்கள் உயர்ந்த மதிப்பெண்கள் பெற்றன. கையால் சீர்செய்த ஆங்கிலக் கடிகாரம் தன் உச்சத்தை எட்டிய அதே ஆண்டுகளில்தான், அதைச் செய்தவர்கள் பட்டறைகளை விட்டுச் சைக்கிள் தொழிற்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

உறையில்லாத ஒரு லீவர் (வெர்ஜுக்குப் பின் வந்த எஸ்கேப்மென்ட் வகை) இயந்திரத்தை இங்கே ஒரு பழம்பொருள் கடையில் வாங்கினேன். பதினெட்டு காரட் உறையைத் தங்க விலைக்கு உருக்கிவிட்டு, இயந்திரத்தை மட்டும் தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். இப்படிப்பட்டவை டஜன் கணக்கில் கிடக்கின்றன. பலரும் உதிரிப் பாகத்துக்காக மட்டும் வாங்குகிறார்கள். மேல்தகட்டில் லண்டன் கடை ஒன்றின் பெயர். கடைக்காரர் என் வேண்டுகோளுக்கு இணங்கி, முகப்பைப் பிடித்திருக்கும் ஊசிகளை எடுத்து, எனாமலில் கீறல் விழாமல் முகப்பைக் கழற்றிக் காட்டினார். அடியில் 'ஜே.பி.' குறி தெளிவாக இருந்தது.

ஊர் திரும்பியதும் இரண்டையும் பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டும். வெர்ஜ் கடிகாரத்தைப் பிரித்துக் கழுவும்போது சங்கிலியின் இரு கொக்கிகளையும், லீவர் இயந்திரத்தின் அடித்தகட்டையும் படம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். என் பதிவேட்டில் இதுவரை கடைப்பெயரை வைத்தே கடிகாரங்களை வரிசைப்படுத்தியிருந்தேன். இனி அடித்தகட்டுக் குறி, உறைக்காரர் முத்திரை, சங்கிலியின் வகை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் போட்டு, தகட்டின் மேல் உள்ள பெயரைக் கடைசிப் பத்தியில் எழுதப் போகிறேன்.